மூலம்: வெட்கப்பட்டால் வியாதி வளரும்



தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரும் சிலர் பெயர் பதியும்போது "வயித்து வலி" என்பார்கள். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான், "டிரெசர் ஐயா, வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுது" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். "எத்தனை நாளா?" என்று கேட்டால் "தீபாவளிக்கு முன்னாடியே" என்பார்கள். அதற்குள் தைப்பூசமே முடிந்திருக்கும்.

கை வெட்டுப்பட்டால் ஓடி வருகிறோம். ஆசனவாயில் நோய் என்றால் மட்டும் மறைக்கிறோம். அதுவும் உடம்பின் ஓர் உறுப்புதானே?

மூலம் என்றால் என்ன?

மலவாயின் உட்புறத்தில், மெத்தை போன்ற ரத்தக்குழாய்த் திரட்டுகள் எல்லாருக்கும் உண்டு. அவை வீங்கிச் சரிந்து இறங்குவதே மூலம். மலவாயின் உள்ளே இருப்பது உள்மூலம். அது பெரும்பாலும் வலிக்காது. மலம் கழிக்கும்போது சிவப்பாக ரத்தம் சொட்டும். வெளியே இருப்பது வெளிமூலம். அதில் அரிப்பும் வலியும் இருக்கும். உள்ளே ரத்தம் உறைந்துவிட்டால் நீல நிறத்தில் கட்டியாகி, உட்காரவே முடியாதபடி வலிக்கும்.

உள்மூலத்தை நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் ரத்தம் மட்டும் போகும். இரண்டாவதில், முக்கும்போது சதை வெளியே வந்து தானே உள்ளே போய்விடும். மூன்றாவதில் விரலால் தள்ள வேண்டும். நான்காவதில் தள்ளினாலும் போகாது. முதல் இரண்டு நிலையில் வந்தால் வைத்தியம் சுலபம். நம்மில் பலர் மூன்றாவது நிலைக்குப் போன பிறகுதான் வருகிறார்கள்.

நமக்கு ஏன் வருகிறது?

"எல்லாம் உடம்புச் சூடுதான் ஐயா" என்பார்கள். சூடு மட்டுமே காரணமல்ல. காரமும் மூலத்தை உண்டாக்குவதில்லை; ஆனால் இருக்கிற புண்ணில் எரிச்சலைக் கூட்டும். முக்கியமான காரணம் மலச்சிக்கலும் முக்குவதும்தான்.

நம் வேலையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறோம். வெளிக்குப் போகும் உணர்வு வந்தால், "வெட்டு முடியட்டும்" என்று அடக்குகிறோம். வெளிக்காட்டில் கக்கூஸ் எங்கே இருக்கிறது? பெண்கள் பாடு இன்னும் மோசம். அடக்க அடக்கக் குடல் மலத்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும், மலம் கல்லாகிவிடும். வேர்வையாய்ப் போன தண்ணீரையும் நாம் திருப்பிக் குடிப்பதில்லை. இதோடு பால் வாளியும் செம்பனைக் குலையும் மூச்சை அடக்கித் தூக்குகிறோம். கர்ப்பிணிகளுக்குப் பிள்ளையின் பாரத்தால் வருகிறது. இப்போது கைப்பேசியோடு கக்கூசுக்குள் போய் அரை மணி நேரம் உட்காரும் இளைஞர்களுக்கும் வருகிறது.

வராமல் தடுக்க

தண்ணீர்: வேலைக்குப் போகும்போது பெரிய போத்தலில் கொண்டு போங்கள். நாளைக்கு எட்டு கிளாஸுக்குக் குறையக்கூடாது. வெயிலில் வேலை செய்தால் இன்னும் அதிகம் வேண்டும்.

நார்ச்சத்து: நாளைக்கு 25 முதல் 30 கிராம் தேவை. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. ஒரு கோப்பை வேகவைத்த கொண்டைக் கடலையில் சுமார் 12 கிராம் உண்டு. 100 கிராம் கொய்யாவில் 5 கிராம். கங்கோங், முருங்கைக்கீரை, வெண்டைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பப்பாளி எல்லாம் லயத்துக் கொல்லையிலேயே வளரும். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுங்கள். ஒரே நாளில் கூட்டாமல் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

பழக்கம்: கால் மணி நேரம் முந்தி எழுந்து, பெரட்டுக்கு முன்பே வெளிக்குப் போகப் பழகுங்கள். உணர்வு வந்தால் அடக்காதீர்கள். முக்காதீர்கள். ஐந்து பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

வந்துவிட்டால்

இளஞ்சூடான தண்ணீரை ஒரு பேசினில் ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் அதில் உட்காருங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்தால் வலி குறையும். கழுவிய பிறகு அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். களிம்பும், மலத்தை இளக்கும் மருந்தும் நாங்கள் கொடுப்போம். ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாகவே ஒரு வாரத்துக்கு மேல் போடாதீர்கள். கர்ப்பிணிகள் எந்த மருந்தையும் கேட்காமல் சாப்பிடக்கூடாது.

இதற்கும் அடங்காவிட்டால், ஆஸ்பத்திரியில் உள்மூலத்தின் அடியில் சிறிய ரப்பர் வளையம் மாட்டுவார்கள். ரத்த ஓட்டம் நின்று, ஒரு வாரம் பத்து நாளில் அது தானே உதிர்ந்துவிடும். இந்த முறையை 1963-இல் ஜேம்ஸ் பாரன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிப் பரப்பினார். நாம் வெட்டும் பால் நம்முடைய நோய்க்கே மருந்தாகிறது பாருங்கள்! ரப்பர் கையுறை போட்டால் தடித்து அரிப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். முற்றிய மூலத்துக்கு ஆபரேஷன் உண்டு. நூல் கட்டுகிறேன், ஊசி போடுகிறேன் என்று லயத்துக்கு வருகிறவர்களிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள். புண் சீழ் பிடித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரத்தம் எல்லாம் மூலமல்ல

இதை எழுதக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது; இருந்தாலும் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய மண்டோர் ஒருவர் என்னிடம் வந்தார். "ரத்தம் போகுது டிரெசர்" என்றார். "மூலம்தாண்ணே, நம்ம ஆளுங்களுக்கு சகஜம்" என்று சொல்லி, பார்க்காமலே களிம்பு கொடுத்து அனுப்பினேன். அவரும் காட்ட வெட்கப்பட்டார், நானும் வற்புறுத்தவில்லை. மூன்று மாதம் களிம்பிலேயே போனது. ஆள் இளைத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மலக்குடலில் புற்றுக்கட்டி. ஆபரேஷன் செய்து வயிற்றில் பை வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த மூன்று மாதம் என் தவறால் வீணானது. அன்றிலிருந்து ரத்தம் என்று யார் சொன்னாலும் கையுறை போட்டுப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

ஆகவே, ரத்தம் மலத்தோடு கலந்து வந்தால், மலம் தார் போலக் கறுத்தால், கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறிப்போனால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் சொல்லுங்கள்.) நிரையில் நாலு மரம் வெட்டுவதற்குள் மூச்சு வாங்கினால், கண் இமைக்குள் வெளுத்திருந்தால், ரத்தம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். 50 வயதைக் கடந்தவர்கள் அரசாங்க கிளினிக்கில் மலச் சோதனை கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் அது காட்டிவிடும்.

"சிக் லீவு எடுத்தா சம்பளம் போயிடுமே" என்று பயப்பட வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எழுதிக் கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. மறுத்தால் சங்கத்தின் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள். வெளிக்காட்டில் கக்கூஸ் வேண்டும் என்பதையும் அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். அதுவும் மூலத்துக்கு மருந்துதான்.

நாங்கள் தினமும் பார்க்கிற நோய் இது. யாரும் சிரிக்க மாட்டோம். நாளைக் காலையே வாருங்கள்.