மயக்கம் தெளிந்த பின் பழைய மருந்துகள் வேலை செய்யுமா?

“ஒப்பரேஷனுக்குப் பிறகு பிரஷர்க் குளிசை கேட்குதில்லை. மயக்க மருந்து உடம்பைப் பழுதாக்கிப் போட்டுது” என்று யாழ்ப்பாணத்தில் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது எவ்வளவு தூரம் உண்மை?

மயக்க மருந்து உடம்பில் தங்கிவிடுவதில்லை. இன்று மூச்சின் வழியே கொடுக்கப்படும் செவோபுளூரேன் போன்றவற்றின் பெரும் பகுதி மூச்சோடே வெளியேறிவிடுகிறது. ஈரலில் மாற்றமடைவது 5 வீதம் அளவே. ஊசியால் ஏற்றும் புரோபோஃபோலை ஈரல் சிதைக்க, சிறுநீர் வெளியேற்றுகிறது. ஆகவே நீங்கள் நெடுநாள் குடித்த குளிசையின் வேலையை இவை நிரந்தரமாகக் கெடுப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. தசைகளைத் தளர்த்தும் மருந்தை முறிக்கச் சில இடங்களில் சுகமடெக்ஸ் என்ற ஊசி போடப்படுகிறது. இது ஹோர்மோன் கருத்தடை மருந்தின் பலனைக் குறைக்கும். அடுத்த 7 நாட்களுக்கு வேறு பாதுகாப்பும் தேவை. குடும்பத்தார் இதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

அப்படியானால் பிரஷரும் சீனியும் ஏன் ஏறுகின்றன? வலியும் சத்திரசிகிச்சையின் தாக்கமுமே அவற்றை ஏற்றும். டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்ற வலி மருந்துகள் பிரஷர்க் குளிசையின் பலனைக் குறைக்கும். மெட்ரோனிடசோல் என்ற கிருமிகொல்லி, இரத்தம் உறையாதிருக்கக் குடிக்கும் வோபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கலாம். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தால் குடல் சில நாட்கள் மந்தமாகும். குடித்த குளிசையும் தாமதமாகவே சேரும்.

இவற்றோடு, நிறுத்திய மருந்தை மீண்டும் தொடங்க மறப்பதும் உண்டு. வோபரினைப் பெரும்பாலும் 5 நாட்களுக்கு முன்பே நிறுத்துவார்கள். எனலப்பிரில், லொசாட்டன் போன்றவற்றை ஒரு நாள் முன்னர் நிறுத்தச் சொல்வதுண்டு. சாப்பிடாத நாளில் மெற்போமினும் நிற்கும். ஆனால் அற்றெனலோல், வலிப்பு மருந்து, நீண்டகாலம் குடிக்கும் பிரெட்னிசலோன் ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. தைரொக்சின் ஒரு நாள் தவறினால் பயமில்லை. அதன் பாதி அளவு ஒரு வாரம் வரை உடம்பில் நிற்கும்.

இங்கே ஒரு மயக்கம் நம்மவர்களுக்கு உண்டு. நோன்பில் ஒரு குளிசை விழுங்கினாலும் நோன்பு முறிந்துவிடும். சத்திரசிகிச்சைக்கு முன் வெறும் வயிறாக இருப்பது அப்படியல்ல. அது வயிற்றில் உள்ளது மூச்சுக்குழலுக்குள் போய்விடாதிருக்கவே. வைத்தியர் குடிக்கச் சொன்ன குளிசையை ஒரு மிடறு தண்ணீருடன் குடிக்கலாம். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

பருத்தித்துறையில் கிளினிக், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஒப்பரேஷன் என்றால் கொப்பியும் இரண்டாகும். ஒரு வைத்தியர் எழுதியதை மற்றவர் அறியாமல் போகலாம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியம் கற்பித்து மருத்துவ நூல்களைத் தமிழில் தந்தார். அந்த மண்ணில், நம் குளிசையின் கதையை நம் மொழியில் கேட்டறிய நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஆகவே கிளினிக் கொப்பியையும் குளிசைப் பக்கெட்டுகளையும் நாட்டு மருந்தின் விவரத்தையும் மயக்க மருந்து வைத்தியரிடம் காட்டுங்கள். வீடு திரும்பும் நாளில் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எதை நிறுத்தினீர்கள்? எதை எப்போது மீண்டும் தொடங்குவது? புதிய மருந்து எத்தனை நாளைக்கு? இரத்தமும் பிரஷரும் எப்போது பரிசோதிப்பது?

பதிலைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவரின் கையில் கொடுத்துவிடுங்கள். மயக்கம் தெளிந்தவருக்கு முதல் நாளில் சொன்னது நினைவில் நிற்காது; தாளில் உள்ளது நிற்கும்.