குதிரைக்குப் பொய் சொல்லத் தெரியாது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நீங்க படிச்ச சரித்திரக் கதை ஏதாவது ஒண்ணை நினைச்சுக்கோங்க. நடு ராத்திரி. வீரன் கோட்டைக்குள்ள இருக்கான். சதிக்கூட்டம் நடக்குது, மறைஞ்சு நின்னு கேட்கிறான். சரி. அவன் ஏறி வந்த குதிரை அந்த நேரத்துல எங்க இருக்கு? அதை யார் கட்டினது? யார் தண்ணி காட்டினது?

எனக்கு இந்தக் கேள்வி நாவல் படிச்சு வரல. எங்க தாத்தா கதையைக் கேட்டு வந்தது.

தாத்தா விருதுநகர்ல ஜட்கா வண்டி ஓட்டினவர். நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே குதிரையும் போயிடுச்சு, வண்டியும் போயிடுச்சு. வீட்டுக்குப் பின்னால கொட்டில் மட்டும் மிச்சம். அதுலதான் எங்க சைக்கிளை நிறுத்துவோம். மழை பெஞ்சா தரையிலிருந்து ஒரு பழைய வாசனை கிளம்பும். "குதிரை இன்னும் போகலடா"ன்னு அப்பா சிரிப்பார்.

அப்பாவுக்கு எட்டு வயசு இருக்கும்போது நடந்தது இது. ராத்திரி மூணு மணிக்கு யாரோ கதவைத் தட்டியிருக்காங்க. பக்கத்துத் தெருப் பொண்ணு, கூட ஒரு பையன். தாத்தா ஒரு வார்த்தை கேட்கல. வண்டியைப் பூட்டி, ஸ்டேஷன்ல விட்டுட்டு, விடியறதுக்குள்ள திரும்பிட்டார். சக்கரத்துச் சேற்றைக் கழுவிட்டுப் படுத்துட்டார்.

காலையில பொண்ணோட பெரியப்பா வந்தார்.

"அண்ணாச்சி, ராத்திரி வண்டி பூட்டினீங்களா?"

"இல்லையே."

வந்தவர் சண்டை போடல. நேரா கொட்டிலுக்குப் போய், குதிரையோட தோள்ல கையை வச்சுத் தடவினார். வேர்வை காஞ்சு உப்பாப் பொரிஞ்சிருக்கு. வாளியில ஊற வச்ச கொள்ளு பாதி அப்படியே கிடக்கு. "குதிரைக்குப் பொய் சொல்லத் தெரியாது அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். அதுக்கப்புறம் ஒரு வருஷம் அந்தத் தெருவுல யாரும் தாத்தா வண்டியில ஏறல.

"சக்கரத்தைக் கழுவின மனுசன் குதிரையைத் தேய்க்க மறந்துட்டாரே"ன்னு அப்பத்தா கடைசி வரைக்கும் சொல்லிக்காட்டுமாம்.

இன்னைக்கு நான் சொல்ல வர்ற விஷயம் இந்தக் கதைக்குள்ளயே இருக்கு. லாயம் ரகசியத்தை மறைக்கும். அதே லாயம் காட்டியும் கொடுக்கும். சாகசக் கதை எழுதுறவங்க திரும்பத் திரும்ப லாயத்துக்கு வர்றதுக்குக் காரணம் இதுதான்.

ஏன் லாயம்?

நான் லாயத்தை முதன்முதல்ல படத்துல பார்த்தது காமிக்ஸ்ல. சிவகாசின்னா உங்களுக்குப் பட்டாசும் காலண்டரும் ஞாபகம் வரும். எங்களுக்கு காமிக்ஸும் அங்கிருந்துதான் வந்தது. 1972ல முத்து காமிக்ஸ், 1984ல லயன் காமிக்ஸ். இத்தாலியில 1948ல பிறந்த டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்து லக்கி லுக் எல்லாரும் சிவகாசி வழியாத்தான் தமிழ் பேசினாங்க.

கௌபாய் கதைகள்ல ஒரு வழக்கம் உண்டு. ஹீரோ புது ஊருக்குள்ள வந்ததும் முதல்ல போற இடம் வாடகைக் குதிரை லாயம். அங்க ஒரு கிழவர் இருப்பார். "இந்த வாரம் வெளியூர்க்காரங்க யாராவது வந்தாங்களா?"ன்னு கேட்டா, ஷெரீஃபுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிஞ்சிருக்கும். வந்தவன் பொய்ப் பேர் சொல்லலாம். அவன் குதிரையோட லாடம் தேஞ்சிருக்கிறதை வச்சு எவ்வளவு தூரத்துலயிருந்து வர்றான்னு அவர் சொல்லிடுவார்.

யோசிச்சுப் பார்த்தா நாலு காரணம் தோணுது. ஒண்ணு, அரண்மனையில எல்லா வாசலுக்கும் நேரம் உண்டு, லாயத்துக்கு இல்ல. ஓலை கொண்டு வர்றவன் எந்த ஜாமத்துலயும் வருவான். அங்க ராத்திரி விளக்கு எரிஞ்சா, ஏதோ குதிரைக்கு வயித்துவலின்னு நினைச்சுப்பாங்க. ரெண்டு, சத்தம். குளம்பு தட்டும், சங்கிலி குலுங்கும், மூச்சு சீறும். நடுவுல ரெண்டு பேர் கிசுகிசுத்தா வெளியே கேட்காது. மூணு, தப்பிக்க வழி பக்கத்துலயே கட்டி நிக்குது.

நாலாவதுதான் முக்கியம். லாயத்துல வேலை செய்றவனை யாரும் ஆளாவே எண்றதில்ல. அவன் நிக்கும்போதே எஜமானர்கள் எல்லாத்தையும் பேசிடுவாங்க. தாத்தா வண்டியில ஏறினவங்களும் அப்படித்தான். எந்தக் கடையில நகை அடகு வச்சோம், எந்த மாப்பிள்ளையை வேண்டாம்னு சொன்னோம், எல்லாமே அவர் முதுகுக்குப் பின்னால பேசினதுதான்.

நாய் ஏன் குரைக்கல?

லாயத்தை வச்சு எழுதின துப்பறியும் கதைகள்ல பெரிய பேர் வாங்கினது ஷெர்லாக் ஹோம்ஸோட 'சில்வர் பிளேஸ்'. 1892ல வந்தது. அதனால முடிவைச் சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நம்புறேன்.

பந்தயக் குதிரை ராத்திரியோட ராத்திரியா லாயத்துலயிருந்து காணாமப் போகுது. காவலுக்கு இருந்த பையன் மயங்கிக் கிடக்கிறான். அவன் சாப்பாட்டுல அபினைக் கலந்துட்டாங்க. அபின் ருசி தெரியாம இருக்கணும்னா எதுல கலக்கணும்? மசாலா போட்ட ஆட்டுக்கறியில! அன்னைக்குச் சமையலை முடிவு பண்ணக்கூடிய ஆள்தான் இதைச் செஞ்சிருக்க முடியும். லாயத்து நாயும் குரைக்கல. அப்ப வந்தவன் அதுக்குப் பழகின ஆள். குதிரைக்குப் பயிற்சி கொடுக்கிறவரே அதை வெளியே கொண்டுபோயிருக்கார்.

குதிரை கடைசியில எங்க இருந்தது? பக்கத்து லாயத்துல, நெத்தி வெள்ளையை மறைச்சு, வேற குதிரை மாதிரி. குதிரையை ஒளிக்கணும்னா குதிரைகளுக்கு நடுவுலதான் ஒளிக்கணும். இந்தத் தில்லுமுல்லு ரொம்பப் பழசு. அதனாலதான் அர்த்தசாஸ்திரம், அரசாங்கக் குதிரை ஒவ்வொண்ணோட இனம், வயசு, நிறம், அடையாளம், எந்த ஊர்ல பிறந்ததுங்கிறதையெல்லாம் பதிவேட்டுல எழுதி வைக்கச் சொல்லுது.

அடுத்தது 1901ல வந்த கிப்ளிங்கோட 'கிம்'. அதுல மஹ்பூப் அலின்னு ஒரு பட்டாணியக் குதிரை வியாபாரி. நிஜத்துல அவர் ஆங்கிலேயர்களோட ஒற்றர். ஒரு வெள்ளைக் குதிரையோட வம்சாவளி பத்திச் சேதி சொல்ற மாதிரி, ராணுவ ரகசியத்தை கிம்ங்கிற பையன் மூலமா அம்பாலாவுக்கு அனுப்புறார். பின்னாடி அவரைக் கொல்ல ரெண்டு பேர் இருட்டுல காத்திருக்கிறதை அதே பையன் ஒட்டுக்கேட்டுக் காப்பாத்துறான். ஒற்றனுக்குக் குதிரை வியாபாரி வேஷத்தை விட நல்ல வேஷம் கிடைக்காது. எந்த நாட்டுக்கும் போகலாம், எந்த ராஜா வாசலையும் தட்டலாம்.

இந்த வேஷத்தை கிப்ளிங்குக்கு ரொம்ப முன்னாடியே நம்ம மதுரையில ஒருத்தர் போட்டுட்டார். சிவபெருமான்.

மதுரை லாயத்துல ஒரு ராத்திரி

திருவிளையாடல் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பக்தியை ஒரு நிமிஷம் ஓரமா வச்சுட்டு, சாகசக் கதையா கேளுங்க.

அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கச் சொல்லித் தன் மந்திரி வாதவூரர்கிட்ட கஜானாப் பணத்தைக் கொடுத்து அனுப்புறான். திருப்பெருந்துறை, அதாவது இன்னைய ஆவுடையார்கோவில், அங்க குருவைப் பார்த்த மந்திரி பணம் முழுக்கக் கோயிலுக்குச் செலவழிச்சிடுறார். மாணிக்கவாசகர்னு நாம கும்பிடுறது அவரைத்தான். ராஜா கேட்கிறான், குதிரை எங்கே? ஆவணி மூலத்தன்னைக்கு வரும்னு பதில் போகுது. சொன்ன மாதிரியே வியாபாரி வேஷத்துல சிவன் குதிரைக் கூட்டத்தோட வர்றார். எல்லாம் காட்டு நரிகள். ராஜா பார்த்துப் பார்த்துப் பூரிச்சுப் போறான். கயிறு மாத்திக்கிறாங்க. கயிறு கை மாறிட்டா வியாபாரம் முடிஞ்சது, அப்புறம் விக்கிறவன் பொறுப்பில்ல. அந்தக் காலத்து 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' போர்டு!

ராத்திரி லாயத்துல அத்தனையும் நரியா மாறி ஊளையிடுது. அங்கிருந்த பழைய குதிரைகளைக் கடிச்சுக் குதறிட்டு ஊருக்குள்ள ஓடுது.

இதுல கவனிங்க. பட்டப்பகல்ல, சபை நடுவுல, ராஜாவே பரிசோதிச்சும் தெரியாத உண்மை ராத்திரி லாயத்துலதான் வெளிவருது. முதல்ல கண்டுபிடிக்கிறது யாரு? லாயக்காரங்க. அவங்கதான் ஓடிவந்து ராஜாகிட்ட சொல்றாங்க. ஆவணி மூலத் திருவிழாவுல மதுரையில இன்னைக்கும் இந்த லீலை நடக்குது. ராஜாவுக்குப் பேர் உண்டு, மந்திரிக்குப் பேர் உண்டு. லாயக்காரனுக்குப் பேர் கிடையாது.

காயல் துறைமுகத்து மர்மம்

இதுவரைக்கும் கதை. இனி சொல்லப் போறது வரலாறு. எனக்கு இதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய லாய ரகசியம்.

13ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக் குதிரை வந்தது. முக்கியமான துறைமுகம் காயல், தாமிரபரணி கடல்ல சேர்ற பக்கம். காயல்லயிருந்து மதுரைக்கு மேப்ல நேர்கோடு போட்டுப் பாருங்க. அருப்புக்கோட்டைப் பக்கமா, எங்க மாவட்டத்துக் கரிசல் காட்டைத் தாண்டித்தான் போகும்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இந்த வியாபாரத்தோட ஒப்பந்தத்தைப் பத்தி எழுதியிருக்கார். கீஷ் தீவு அதிபதி ஜமாலுதீன் வருஷத்துக்கு 1,400 குதிரை அனுப்பணும். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில கடல்லயே செத்தாலும் பாண்டியன் கஜானாவிலிருந்து விலை வந்துடும். அந்த ஜமாலுதீனோட தம்பி தகியுதீன் யாரு தெரியுமா? பாண்டியனுக்கு மந்திரி. காயல் துறைமுகமும் அவர் பொறுப்புலதான். விக்கிறவர் அண்ணன், வாங்குற ராஜாவோட மந்திரி தம்பி. எந்த நாவலாசிரியர் இப்படி ஒரு முடிச்சு போட்டிருக்கார்?

அதே காலத்துல இங்க வந்த மார்கோ போலோ இன்னொரு விஷயம் சொல்றார். இங்க அஞ்சு ராஜாக்கள், அண்ணன் தம்பிங்க. ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ரெண்டாயிரம் குதிரைக்கு மேல வாங்குறாங்க. வருஷக் கடைசியில நூறுகூட மிஞ்சறதில்ல. எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம். காரணம்தான் முக்கியம். இங்க குதிரையைப் பராமரிக்கத் தெரியல, சோறும் கறியும் வேகவச்சுப் போடுறாங்கன்னு எழுதுறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிஞ்சவங்க யாரையும் வியாபாரிகள் இங்க கூட்டிட்டு வர்றதில்ல, தானா வரவும் விடறதில்ல. குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷம் திரும்ப விக்கலாம்?

லாயத்துல ஆள் ஒளிஞ்சிருப்பான், ஆயுதம் ஒளிஞ்சிருக்கும், ஓலை ஒளிஞ்சிருக்கும்னு கதைகள்ல படிக்கிறோம். இங்க ஒளிச்சு வச்சது கைத்தொழிலை. அது தெரியாததால ஒரு நாட்டோட கஜானா வருஷா வருஷம் கடலைத் தாண்டிப் போயிருக்கு.

தொழில் தெரியறதுக்கும் தெரியாததுக்கும் உள்ள வித்தியாசம் எங்க பக்கத்துல எல்லாருக்கும் புரியும். மழையை நம்பின வறண்ட ஊர் சிவகாசி. 1922ல அங்கிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. அதுலயிருந்துதான் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுன்னு ஊரே மாறிச்சு. பாண்டியன் லாயத்துக்கு அப்படி ஒருத்தரும் போய்க் கத்துக்கிட்டு வரல.

யாரும் எழுதாத நாவல்

'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரையில வந்தியத்தேவன் குதிரையில வர்றதோட ஆரம்பிக்குது. அந்தக் காட்சிக்கு நானும் மயங்கினவன்தான். ஆனா நம்ம சரித்திரக் கதைகள்ல குதிரை ஓடும்போதுதான் நமக்குத் தெரியுது. நின்னதும் மறைஞ்சிடுது. ராஜா மேல இருக்கிற ஆசையில லாயத்துப் பக்கம் நாம அதிகமாப் போகவே இல்ல.

எனக்கு ஒரு நாவல் படிக்கணும். 1290கள், மதுரை. பாண்டியன் லாயத்துல புல் சுமக்கிற ஒரு பையன். கண்ணு முன்னால குதிரைங்க ஒவ்வொண்ணா விழுது. காயல்லயிருந்து குதிரைகளை ஓட்டிட்டு வந்த கூலிக்காரன் ஒருத்தனுக்குக் காரணம் தெரியும். சொன்னா அவன் பிழைப்பு போகும், உயிரும் போகலாம். ஒரு ராத்திரி அவன் ஒரு குதிரையோட குளம்பைத் தூக்கி மடியில வச்சு, விளக்கைக் கிட்டக் கொண்டு வரச் சொல்றான். அந்தக் காட்சியை யாராவது எழுதுங்க, ப்ளீஸ்.

அந்தப் பொண்ணு எந்த ரயில்ல ஏறினான்னு தாத்தா கடைசி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. அவரைப் பொறுத்தவரைக்கும் வண்டியே பூட்டல.

அடுத்த தடவை சரித்திரக் கதை படிக்கும்போது ஒண்ணு மட்டும் பாருங்க. வீரன் இறங்கினதும் கடிவாளத்தை யார் கையில கொடுக்கிறான்? அந்த ஆளுக்கு எழுத்தாளர் ஒரு பேர் வச்சிருந்தா, எந்தக் கதை, என்ன பேர்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.