அப்பா பெயரா, வீட்டுப் பெயரா?

"உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டால் யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டால்?

நம்மில் பலர் விழிப்போம். காரணம், தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் உண்டு. அதைத்தான் "இனிஷியல்" என்கிறோம்.

ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது? பலரையும் திண்டாட வைக்கும் கேள்வி இது.

இதைப் புரிந்துகொள்ளப் பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போகலாம், வாருங்கள்!

தெற்குக் கரையில்...

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஏரியின் தெற்குப் பகுதி தமிழ்நாட்டில் உள்ளது. பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற மீனவர் ஊர்கள் உள்ளன.

இங்கே முனுசாமி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் மகன் மு. ஏழுமலை. ஏழுமலையின் மகன் ஏ. குமார். குமாரின் மகனுக்கு "கு." என்று எழுத்து வரும். தாத்தாவின் எழுத்து பேரனிடம் இல்லை. மூன்று தலைமுறைக்கு மூன்று எழுத்துகள்!

அப்படியானால் குடும்பம் எது என்று எப்படித் தெரியும்? ஊருக்குத் தெரியும். இந்த ஏரியில் "பாடு" என்று ஒரு வழக்கம் உண்டு. இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்துத் தொழில் செய்வதுதான் பாடு. ஒருவர் இன்ன ஊர்த் தலைக்கட்டு, இன்னார் மகன் என்பதை வைத்தே அந்த உரிமை வருகிறது. ஆகவே அப்பா பெயர் இங்கே வெறும் எழுத்தல்ல. அது சோற்றுக்கு வழி!

வடக்குக் கரையில்...

ஏரியின் வடக்கே தடா, சூலூர்ப்பேட்டை பக்கம் போனால் தெலுங்குப் பெயர்கள் வருகின்றன. அங்கேயும் பெயருக்கு முன்னால் எழுத்து உண்டு. ஆனால் அது அப்பா பெயர் அல்ல. "இண்டி பேரு" என்பார்கள். வீட்டுப் பெயர் என்று அர்த்தம்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்லுகிறோம். பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் தந்தை பெயர் எஸ். பி. சாம்பமூர்த்தி. தங்கை எஸ். பி. சைலஜா. மகன் எஸ். பி. சரண். எல்லோருக்கும் அதே "எஸ். பி."தான்! "ஸ்ரீபதி பண்டிதாராத்யுல" என்பது அவர்கள் வீட்டுப் பெயர். தலைமுறை மாறினாலும் அந்த எழுத்து மாறவில்லை.

ஆக, ஒரே ஏரியின் இரண்டு கரைகளில் இரண்டு முறைகள். தெற்கே எழுத்து அப்பாவைச் சொல்லுகிறது. வடக்கே எழுத்து வம்சத்தைச் சொல்லுகிறது.

கல்லறையில் ஒரு பெயர்

மூன்றாவது முறையும் இங்கே உண்டு. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இடிந்துவிட்டது. ஆனால் டச்சுக் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

கோட்டை கட்டிய காலத்தில் இங்கே டச்சுக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர் வெம்மர் வான் பெர்க்கெம். "வான்" என்றால் "இன்ன ஊரைச் சேர்ந்த" என்று பொருள். சொந்தப் பெயர் முன்னால், குடும்பப் பெயர் பின்னால். வெள்ளைக்காரர் முறை என்று நாம் நினைப்பது இதைத்தான்.

மீனவர் என்று ஒரு பெயர்!

ஆனால் வெள்ளைக்காரர் எல்லோரும் அப்படி அல்ல. ஐரோப்பாவின் நடுவில் ஹங்கேரி என்று ஒரு தேசம் இருக்கிறது. கடலே இல்லாத நாடு. அங்கே நம் வடக்குக் கரையைப் போலவே வீட்டுப் பெயர்தான் முன்னால் வரும்!

அந்தப் பெயர்களுக்கு அர்த்தமும் உண்டு. கோவாச் என்றால் கொல்லர். ஸாபோ என்றால் தையற்காரர். மோல்நார் என்றால் மாவு ஆலைக்காரர். கிஷ் என்றால் சிறியவர். ஹலாஸ் என்றால் யார் தெரியுமா? மீனவர்! பால்பாயிண்ட் பேனாவைக் கண்டுபிடித்து 1938-ல் காப்புரிமை பெற்ற ஹங்கேரியரின் குடும்பப் பெயர் பீரோ. நமக்குப் பீரோ என்றால் அலமாரி. அவர்கள் மொழியில் நீதிபதி!

என்றோ ஒரு பாட்டனார் செய்த தொழில் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று ஹலாஸ் வீட்டுப் பிள்ளை வலை வீச வேண்டியதில்லை. டாக்டராகவும் இருக்கலாம்.

ஹங்கேரிய அறிஞர் ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்து, 1842-ல் டார்ஜிலிங்கில் இறந்தார். திபெத்திய மொழிக்கு ஆங்கில அகராதி செய்தவர். பெயர் கோரோஷி சோமா ஷாண்டோர். கோரோஷி என்றால் கோரோஷ் ஊர்க்காரர். சோமா குடும்பப் பெயர். ஷாண்டோர் சொந்தப் பெயர். நம் திரு. வி. க.வை நினைத்துப் பாருங்கள். திருவாரூர் என்பது ஊர். விருத்தாசலம் என்பது தந்தை. கல்யாணசுந்தரம் என்பது சொந்தப் பெயர். எவ்வளவு ஒற்றுமை!

பெண்களின் பாடு

ஹங்கேரியில் பெண்களுக்கு ஒரு பழைய வழக்கம். கோவாச் யானோஷ் என்பவரைக் கட்டிக்கொண்டால் மனைவியின் பெயர் "கோவாச் யானோஷ்னே" ஆகிவிடும். "யானோஷின் மனைவி" என்று அர்த்தம். அவளுடைய சொந்தப் பெயரே காணாமற் போய்விடும்! இப்போது பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

நம் பெண்களுக்குச் சொந்தப் பெயர் போவதில்லை. எழுத்துதான் மாறுகிறது. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து. ரேஷன் அட்டையில் கணவரின் எழுத்து. வங்கிப் புத்தகத்தில் எழுத்தே இல்லை! மூன்றும் ஒரே பெண்தான் என்று அவள் நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது.

இது சிறு விஷயம் அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தக் காலத்து நிவாரணப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. அட்டையில் ஒரு பெயரும் வங்கியில் ஒரு பெயரும் இருந்தால் பணம் தங்கிப்போகும்.

கட்டத்தில் என்ன எழுதுவது?

ஒரு காலத்தில் தமிழர்களும் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். 1929-ல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அதை விட்டுவிடச் சொன்னது. அப்போது பழவேற்காடும் செங்கற்பட்டு ஜில்லாவில்தான் இருந்தது. நாளடைவில் தமிழ்நாட்டில் பட்டங்கள் பெரிதும் மறைந்தன. எனவே குடும்பப் பெயர்க் கட்டத்தைப் பார்த்து, விட்ட சாதிப் பட்டத்தைத் தேடி எடுக்க வேண்டாம்.

பலர் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாக எழுதுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வெளிநாட்டில் ஏழுமலையை "மிஸ்டர் முனுசாமி" என்று கூப்பிடுவார்கள்! அப்பாவை அழைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கக்கூடாது.

முக்கியமானது ஒன்றுதான். எப்படி எழுதினாலும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலேயே எழுத்து, பெயர் இரண்டையும் சரிபாருங்கள். கல்யாணம் ஆனால் பெண் எழுத்தை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. மாற்ற விரும்பினால் எல்லாத் தாளிலும் மாற்றுங்கள். இல்லையேல் பள்ளியில் கொடுத்த பெயரையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் இன்றே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒத்திருக்கிறதா? ஒத்திராவிட்டால் நாளைக் காலையிலேயே திருத்த மனுக் கொடுங்கள்!