கடலைக் கணக்குப் போடும் படிப்பு

சைனாடவுனின் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் நாகூர் தர்கா ஏன் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே அதைக் கட்டியபோது எதிரே கடல். பத்திரமாகக் கரையேறியதற்கு நன்றி சொல்ல ஓர் இடம். அதே வீதியில் சீனர்களின் தியன் ஹொக் கெங் கோயிலும் அதற்காகத்தான் எழுந்தது. பிறகு கடலைத் தூர்த்தார்கள். இன்று அங்கே நின்றால் அலுவலகக் கட்டடங்கள்தான் தெரியும்.

அந்தக் கடல் உயர்ந்துகொண்டிருக்கிறது. நூற்றாண்டு முடிவுக்குள் நம் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்றது 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு. இத்தகைய கணிப்புகளுக்கு அடித்தளமான துறைகளில் ஒன்று இயற்பியல்சார் கடலியல்.

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் அதைப் படிக்க வேண்டும் என்றாள். "மீன் பண்ணை வைக்கப் போறியாம்மா?" என்றார் அத்தான். மீன், பவளம் எல்லாம் கடல் உயிரியல். இவள் கேட்பது தண்ணீரைப் பற்றிய படிப்பு: அலை, ஓதம், நீரோட்டம், வெப்பம், உப்பு. கணிதம் கசந்தால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

சிங்கப்பூர் நீரிணையையே பாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடல் நீரை இங்கே தள்ளும். நீரோட்டம் பெரும்பாலும் மேற்கு நோக்கிப் போகும். தென்மேற்குப் பருவத்தில் திசை மாறும். காற்று தள்ளிய நீரும் பெரிய ஓதமும் ஒரே நாளில் சேர்ந்தால் தாழ்வான கரைகளுக்கு ஆபத்து. உலகச் சராசரி மட்டும் இங்கே போதாது.

பூமி சுழல்வதால் காற்றும் நீரோட்டமும் திசை திரும்பும். நிலநடுக்கோட்டருகே அந்த விளைவு மிகச் சிறிது. அதனால் இங்கே புயல் உருவாகாது என்றே நம்பினார்கள். 2001 டிசம்பரில் 'வாமெய்' நமக்கு வெகு அருகே உருவாகி ஜொகூரில் கரையேறியது!

சரி, எங்கே படிப்பது? இளநிலையில் இயற்பியல், கணிதம், பொறியியல் எதுவானாலும் அடித்தளம் ஆகும். நன்யாங்கில் பூமி அறிவியல் சார்ந்த பட்டப்படிப்பு உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டலக் கடல் அறிவியல் நிலையம் இருக்கிறது. கொச்சி அறிவியல், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.

வேலை? இளநிலையோடு நிறுத்தினால் கதவுகள் குறைவு என்றுதான் சொல்வேன். ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் 2020 முதல் கடலோரப் பாதுகாப்பையும் கவனிக்கிறது. அதே ஆண்டு அரசாங்கம் கடலோர, வெள்ளப் பாதுகாப்புக்கு 5 பில்லியன் வெள்ளி நிதியை அறிவித்தது. சுவர் எவ்வளவு உயரம் என்பதை யாராவது கணக்கிட்டாக வேண்டுமே.

அக்கா மகள் இயற்பியலுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "கப்பல்ல போகணுமா?" என்று மட்டும் கேட்டார் அத்தான். ஆய்வுக்காகச் சில வாரங்கள் போக வேண்டியிருக்கலாம் என்றேன்.