எல்லாத்தரை வண்டிக்கு அடிக்காப்புத் தகடு பொருத்தல்

கரடான நிலத்தில் ஓடுவதற்கென அமைந்த சிறு வண்டியொன்றை 1970 இல் ஹொண்டா நிறுவனத்தார் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதற்குச் சில்லுகள் மூன்றே. 1980களின் தொடக்கத்தில் சுசுக்கி நிறுவனத்தார் நாற்சில்லு வண்டியை வெளியிட்டனர். இன்று அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பண்ணைகளில் மந்தை மேய்ப்பதற்கும் வேலி பார்ப்பதற்கும் இவ்வகை வண்டிகள் பயன்படுகின்றன.

இவ்வண்டியின் பலவீனம் அதன் அடிப்புறத்தில் உளது. புல்லுள் மறைந்த கட்டையும் கல்லும் ஓட்டுபவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எஞ்சினின் அடிப்பாகமோ பெரும்பாலும் வார்ப்பு அலுமினியத்தாலாயது. அது வளைந்து கொடாது; பலமாக அடிபட்டால் வெடிக்கும். எண்ணெய் ஒழுகிய பின்னரும் வண்டி சிறிது தூரம் ஓடும். அச்சிறு தூரத்திலேயே எஞ்சின் பழுதாகிவிடும்.

இதனைத் தடுப்பதற்கே அடிக்காப்புத் தகடு பொருத்தப்படுகின்றது. ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகடு பாரமற்றது, துருப்பிடியாது. உருக்குத் தகடு வலிமை மிக்கதாயினும் பாரமானது. தடித்த பிளாஸ்டிக் தகடு கல்லின்மேல் வழுக்கிச் செல்லும். ஆனால் எத்தகடும் வண்டியைக் காக்குமேயன்றி, ஓட்டுபவரைக் காவாது. வண்டி கவிழ்ந்து அதன்கீழ் நசியுண்டு இறப்போர் பலராதலால், அவுஸ்திரேலியாவில் 2021 ஒக்டோபர் முதல் புதிதாய் விற்கப்படும் பண்ணை வண்டிகளுக்குக் கவிழ்வுக் காப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

தகட்டை வண்டியின் சட்டகத்திலேயே பிணைத்தல் வேண்டும், எஞ்சினிற் பிணைத்தலாகாது. அவ்வாறு பிணைத்தால் கல்லின் அடி முழுவதும் எஞ்சினுக்கே சென்று சேரும். சட்டகக் குழாயைத் துளையிடுதலும் நன்றன்று. அது குழாயை நலியச் செய்யும். குழாயைச் சுற்றிப் பற்றும் பிடிகளே ஏற்றவை. வண்டியை உயர்த்தி, உறுதியான கட்டைகளின்மேல் நிறுத்திய பின்னரே அதன்கீழ்ச் செல்லுதல் வேண்டும். புரியாணிகள் யாவற்றையும் முதலிற் கையால் மாத்திரம் திருகி, தகடு செவ்வனே அமைந்ததைக் கண்டபின் இறுக்குக. ஆணித்தலைகள் தகட்டினுள் அமிழ்ந்திருத்தல் நலம். தகடுகள் இரண்டாயின், முன் தகட்டின் பின்விளிம்பு பின் தகட்டின் கீழாக வருதல் வேண்டும். கிடுகு வேய்வதில் மேல்வரிசை கீழ்வரிசையை மூடுவது போன்றதே இது. மாறி அமைந்தால் விளிம்பிற் கட்டை கொளுவும். எண்ணெய் வடிக்கும் ஆணிக்கு நேரே துவாரம் இருத்தல் அவசியம். முதல் நாள் ஓட்டத்தின்பின் ஆணிகளை மீண்டும் இறுக்குக.

தகடு பொருத்தியபின் ஒரு புதிய அபாயம் தோன்றுகின்றது. பலர் இதனைக் கவனிப்பதில்லை. சேற்று வயலில் ஓடும்போது தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிற் சேறு அடைந்து, எஞ்சினின் சூடு வெளியேறாதவாறு தடுக்கும். அறுவடை முடிந்த வயலிலோ வைக்கோல் சேரும். காய்ந்த வைக்கோல் சூடேறிய புகைக்குழாயைத் தொட்டால் தீப்பற்றும். எண்ணெய்க் கசிவு இருப்பின் அதனையும் தகடு மறைத்துவிடும். ஆகையால் வேலை முடிந்து எஞ்சின் ஆறியதும், வைக்கோலை வளைந்த கம்பியால் இழுத்தெடுத்து, துவாரங்களினூடாக நீர் பாய்ச்சிக் கழுவுக. போகத்துக்கு ஒரு முறையேனும் தகட்டை முற்றாகக் கழற்றி, எஞ்சினின் அடிப்பாகத்தைத் துடைத்துப் பார்த்தல் வேண்டும்.