தனுஷ்கோடி இறங்குதுறை ரயில் நிலையம்: எழுச்சியும் கைவிடலும்

1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊர் என்ற அளவிலேயே தனுஷ்கோடி பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அவ்வோர் இரவின் துயரம் அதற்கு முந்தைய ஐம்பதாண்டு வரலாற்றை மறைத்துவிடுகிறது. அங்கிருந்த ரயில் நிலையம் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையிலான மக்கள் பெயர்வின் வாயிலாக விளங்கியது. அதன் அழிவையும் கைவிடலையும் வேறுபடுத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்தில் சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் தூத்துக்குடியை அடைந்து, அங்கிருந்து கப்பலேறினர். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழி மாறியது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பாதை தனுஷ்கோடி முனைவரை நீண்டது. எதிர்க்கரையில் தலைமன்னார் இறங்குதுறைவரை இலங்கையின் பாதை வந்து சேர்ந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ 35 கி.மீ. கடலை நீராவிக் கப்பல்கள் சில மணி நேரத்தில் கடந்தன. 'போட் மெயில்' என மக்கள் வழங்கிய பெயர், ரயிலும் கப்பலும் ஒரே பயணத்தின் இரு கூறுகளாக இருந்ததை உணர்த்துகிறது.

இந்தியப் பகுதியில் மீட்டர் பாதை (1,000 மி.மீ.); இலங்கையில் அகலப் பாதை (1,676 மி.மீ.). பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிச் சென்றிருப்பினும் அவை மறுகரையில் ஓடியிரா. எனவே ஒவ்வொரு பயணியும் இறங்குதுறையில் இறங்கியே ஆகவேண்டும். அவ்விடைவெளியே சுங்கச் சோதனைக்கும் குடிபெயர்வுக் கட்டுப்பாட்டுக்கும் களமாயிற்று. மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் அதற்கு முன்பே மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர்.

இவ்வாயிலின் தன்மை காலந்தோறும் மாறியது. ஒரே பேரரசின் இரு பகுதிகளுக்கிடையே தொழிலாளரைக் கொண்டுசென்ற வழியாக அது தொடங்கியது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகைசெய்தது. முன்னோர் சென்ற வழியே அவர்தம் வழித்தோன்றல்கள் திரும்பவேண்டிய நிலை உருவாயிற்று.

இரண்டு மாதங்களுக்குள், டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, புயலும் கடற்பெருக்கும் தனுஷ்கோடியைச் சூறையாடின. நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயில் அலைகளில் மூழ்க, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாம்பன் பாலமும் பெரிதும் சிதைந்தது. ஆயினும் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாள்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி செல்லும் பாதையோ கைவிடப்பட்டது. ஊர் மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது.

இவ்விரு முடிவுகளையும் ஒப்புநோக்கும்போது, நிலையத்தை அழித்தது இயற்கை, கைவிட்டது அரசு என்பது தெளிவாகிறது. கப்பல் போக்குவரத்து பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்றது. தாயகம் திரும்பியோர் அவ்வழியே மண்டபம் முகாமை அடைந்தனர். இலங்கையின் இனப்போர்ச் சூழலில், 1980களில் அச்சேவையும் நின்றது.

தலைமன்னார் இதற்கு மாறான சான்று. போரால் 1990இல் தடைப்பட்ட ரயில், 2015 மார்ச்சில் அதன் இறங்குதுறைவரை மீண்டும் ஓடத் தொடங்கியது. இருப்பினும் அந்நிலையத்துக்கு உயிரளித்த கப்பல் வழி அதனோடு மீளவில்லை. தனுஷ்கோடிக்குப் புதிய பாதை அமைக்க 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் கடலைக் கடக்கும் வழியின்றி அமையும் பாதை, சுற்றுலாவுக்குரிய முனையத்தைத் தருமேயன்றிப் பழைய வாயிலை மீட்காது.

ஆகவே, மணலிடை நிற்கும் இடிபாடுகளைப் புயலின் எச்சமாக மட்டும் கொள்ளுதல் போதாது. மலையகத் தமிழரின் பெயர்வையும் மீள்வையும் ஆராய்வோர்க்கு, மண்டபம், தனுஷ்கோடி, தலைமன்னார் ஆகிய மூன்றும் ஒருங்கே வைத்து ஆராயத்தக்க ஒரே வரலாற்றுக் களமாகும்.