கடல் வாடையும் தொலைதூரக் கோளும்

திருப்பாலைவனத்தைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குப் போகும் வழியில், ஏரி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாடை மூக்கில் படும். அது பல வாயுக்களின் கலவை. கரைச் சேற்றிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவினுடையது. கடற்காற்றின் மணத்திலோ டைமெத்தில் சல்பைடு என்னும் வேறொரு வாயுவுக்கும் பங்குண்டு. கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளால் உண்டாவது இது. பூமியின் காற்றில் இவ்வாயு இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உயிர்களே.

இதே வாயு வேறொரு கோளின் காற்றிலும் இருக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழுவினர் 2023-இலும், மேலும் உறுதியாக 2025-இலும் அறிவித்தனர். மதுசூதன் வாரணாசியில் பொறியியல் பயின்ற இந்தியர். கே2-18பி என்னும் அக்கோள் சிம்ம ராசியின் திசையில், 124 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அங்கே போய் முகர்ந்து பார்க்க இயலாது. எனில் எப்படி அறிந்தார்கள்? அதை நாம் நம்பலாமா?

விளக்கின் முன் ஒரு பூச்சி

இரவில் படகில் தொங்கும் விளக்கின் முன்னே ஒரு சிறு பூச்சி கடந்து போவதாகக் கொள்ளுங்கள். தொலைவில் நிற்கும் உங்களுக்குப் பூச்சி தெரியாது. ஆனால் விளக்கொளியை மிக நுட்பமாக அளந்தால், அது சற்றே குறைந்து மீள்வது தெரியும். கே2-18பி தன் விண்மீனை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. நமக்கும் விண்மீனுக்கும் இடையே அது வரும்போதெல்லாம் விண்மீனின் ஒளி ஆயிரத்தில் 3 பங்கு குறைகிறது. 2015-இல் இக்கோள் கண்டறியப்பட்டது இவ்வாறுதான்.

இனி அப்பூச்சியைச் சுற்றி மெல்லிய புகை சூழ்ந்திருப்பதாக நினையுங்கள். கோளைச் சுற்றியுள்ள காற்று அத்தகையது. விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பகுதி அக்காற்றின் விளிம்பை ஊடுருவி நம்மை வந்தடைகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியைக் கவர்ந்துகொள்ளும். மீத்தேன் 3.3 மைக்ரானுக்கு அருகிலும், கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரானுக்கு அருகிலும் வலுவாகக் கவரும். அந்த அலைநீளங்களில் மட்டும் கோள் சற்றுப் பெரிதாகத் தோன்றும். ஒளியை நிறமாலையாகப் பிரித்து இந்த வேறுபாட்டை அளந்தால், காற்றில் உள்ள வாயு எதுவென்று தெரிந்துவிடும். ஆனால் அவ்வேறுபாடு பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே! 6.5 மீட்டர் ஆடி கொண்ட ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி 2021 டிசம்பரில் ஏவப்பட்ட பிறகே இத்தனை நுட்பமாக அளப்பது கைகூடியது.

நீர் நிறைந்த கோளா?

கே2-18பி பூமியைப்போல் 2.6 மடங்கு ஆரமும் 8.6 மடங்கு நிறையும் உடையது. கணக்கிட்டுப் பாருங்கள்: 2.6-இன் முப்படி ஏறத்தாழ 17.6. ஆகவே அதன் அடர்த்தி பூமியினதில் பாதியே. பாறை மட்டுமே என்றால் இவ்வளவு குறையாது. கடலும் அதன்மேல் ஹைட்ரஜன் காற்றும் இருக்கலாம் என்பது மதுசூதன் குழுவினர் கருத்து. இத்தகைய கோள்களுக்கு அவர்கள் 2021-இல் 'ஹைசியன்' என்று பெயரிட்டனர். கடலே இல்லாத, நெப்டியூனின் சிறிய வடிவமாகவும் அது இருக்கலாம் என்பார் வேறு சிலர். அடர்த்தி மட்டும் இதைத் தீர்த்துவைக்காது.

ஹைட்ரஜன் நமக்கு ஓர் உதவி செய்கிறது. அது இலேசான வாயு. ஒரே வெப்பநிலையும் ஒரே ஈர்ப்பும் இருப்பின், நமது காற்றைவிடப் பத்து மடங்குக்கு மேல் உப்பி நிற்கும். விளிம்பு தடிப்பாக இருப்பதால் அளப்பது எளிதாகிறது.

நம்பலாமா?

2019-இல் ஹப்பிள் தொலைநோக்கியின் அளவீடுகளைக் கொண்டு, இக்கோளில் நீராவி கண்டதாக அறிவித்தார்கள். ஆனால் 1.4 மைக்ரானுக்கு அருகில் நீராவியும் மீத்தேனும் இரண்டுமே ஒளியைக் கவரும். 2023-இல் வெப் அளந்தபோது தெளிவாகத் தெரிந்தவை மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும்தான். நீராவி எனக் கருதியது மீத்தேனாகவே இருந்திருக்கலாம்.

டைமெத்தில் சல்பைடின் நிலையும் இத்தகையதே. 2025-இல் கிடைத்த அடையாளம் தற்செயலாகத் தோன்றியிருக்க ஆயிரத்தில் 3 வாய்ப்பு உண்டு என்றனர். பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே அது குறைந்தால்தான் இயற்பியலார் 'கண்டோம்' என்பார்கள். அதே அளவீடுகளை ஆராய்ந்த பிறர், அந்த அடையாளமே உறுதியில்லை என்றனர். மேலும், ஒரு வால்மீனிலும் இவ்வாயு காணப்பட்டுள்ளது. அங்கே பாசி ஏது? எனவே வாயு இருப்பது உறுதியானாலும், உயிர் இருப்பது உறுதியாகிவிடாது.

பொறுமைக்குப் பாடம் நம் கடற்கரையிலேயே உண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பழவேற்காட்டுக்கு வடக்கே, அன்றைய சென்னை மாகாணத்து மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும், குண்டூரில் பிரான்சின் ஜான்சனும் நிறமாலைக் கருவிகளோடு காத்திருந்தனர். அன்று சூரியனின் விளிம்பில் காணப்பட்ட மஞ்சள் கோடு சோடியத்தினுடையது அல்ல, புதிய தனிமத்தினுடையது என்று பின்னர் தெரிந்தது. அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். அதே ஹீலியத்தைப் பூமியில் ராம்சே பிரித்தெடுத்தது 1895-இல். 27 ஆண்டுகள் கழித்து!

அடுத்த முறை 'வேற்றுக்கோளில் உயிர்' என்ற தலைப்பைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்தக் கோடு வேறு வாயுவுக்கும் பொருந்துமா? தற்செயலுக்கு வாய்ப்பு எவ்வளவு? உயிரின்றி அந்த வாயு உண்டாகாதா? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, கடல் வாடை வருவதாக நமக்கு உறுதியாகத் தெரிந்த கடல் நம்முடையது மட்டுமே.